ஓர் ஆணிக்கு அனுமதி

எங்கள் வீட்டுக் கடிகாரம் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் மணி காட்டும். அலமாரிக்கு மேலே கூரையைப் பார்த்தபடி கிடக்கும். மணி தெரிய வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்க்க வேண்டும். ஏறி இறங்குவதற்குள் அந்த மணி போய்விடும். முகம் பார்க்கும் கண்ணாடி தகரப் பெட்டியில் சாய்ந்து நிற்கும், அதில் எனக்கு என் இடுப்பும் புடவை மடிப்பும்தான் தெரியும். காலண்டருக்கு ஒரு நாற்காலி. யாராவது வந்தால் காலண்டரைத் தூக்கிவிட்டுத்தான் உட்காரச் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி கிடையாது. என் கணவர் வழியில் யார் வீட்டிலும் கிடையாது. இத்தனைக்கும் அவருடைய தொழில் படங்களுக்கு ஃபிரேம் போடுவது. கடையில் அவர் மரம் அறுப்பார், நான் கண்ணாடி வெட்டுவேன். சில பேர் வீட்டுக்கே வந்து மாட்டித் தரச் சொல்வார்கள். சுத்தியலோடு போவார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், ஒரே சீராக ஆணியை இறக்கிவிட்டு வந்துவிடுவார். ஊரில் பாதிச் சுவரில் அவர் அடித்த ஆணிதான். சொந்த வீட்டில் மட்டும் கை ஓடாது.

"ஆணி அடிச்சா தங்கிடுவோம்" என்பது அவர்கள் குடும்பத்து வாக்கு.

அந்த வாக்கைச் சொன்னவர் ஒரு ராஜா. சிரிக்காதீர்கள். என் கணவருடைய பாட்டனாருக்கும் பாட்டனார் நிஜமாகவே ஒரு நாட்டை ஆண்ட சுல்தான். போரில் தோற்றார். ஜெயித்தவர்கள் அவரைக் கொல்லவில்லை. பிள்ளைகளோடு கப்பலில் ஏற்றி, கண்காணாத ஓர் ஆற்றங்கரை ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். "இப்போதைக்கு இங்கே இருங்கள், கூப்பிட்டு அனுப்புகிறோம்" என்றார்களாம். சுல்தான் பிள்ளைகளை அழைத்து, இந்த ஊர்ச் சுவரில் நம் ஆட்கள் யாரும் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, அடித்தால் தங்கிவிடுவோம் என்று ஆணையிட்டாராம். யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. அவர் அங்கேயே மௌத்தானார், அங்கேயே அடக்கமானார். பிள்ளைகள் அதற்கு முன்பே மூலைக்கு ஒருவராகப் பிழைக்கப் போயிருந்தார்கள். நாடு போனது, நகை போனது, பட்டம் போனது, இந்த ஒரு ஆணை மட்டும் தேயாமல் எங்கள் வீடுவரை வந்து சேர்ந்துவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்பார்கள். எறும்புக்காவது சுவரில் ஏற அனுமதி உண்டு.

தெருவில் அவருக்கு இளவரசர் என்று பட்டப்பெயர். கேலிதான். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போவார். எனக்கும் முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. புதுப்பெண்ணாக வந்தபோது, "ராஜா வீட்டு மருமகளுக்கு ஈரத்துண்டு போட ஒரு ஆணி கிடையாதா?" என்று கேட்டு மாமனாரையே சிரிக்க வைத்திருக்கிறேன். ஜன்னல் கம்பிக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும் கயிறு கட்டி வாழப் பழகிக்கொண்டேன்.

எங்கள் மகள் போன பிறகு அது வேடிக்கையாக இல்லை.

அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். படிப்பு முடிந்ததும் தூரத்து மலையூர் ஒன்றில் வேலை என்று போனாள். அங்கே காய்ச்சலில் விழுந்தாள். சேதி வந்து, நாங்கள் வண்டி பிடித்து, மழையில் பாதை அடைபட்டுக் கிடந்து, போய்ச் சேர்வதற்குள் கூட வேலை பார்த்தவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஈரமண் மேட்டை மட்டும்தான் நாங்கள் பார்த்தோம். நான் விழுந்து அழுதேன். அவர் அடக்கத்தலத்து வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல், உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வந்த வாரமே அவள் படத்துக்கு ஃபிரேம் போட்டார். தேக்கு. அவ்வளவு நேர்த்தியாக மூலை சேர்த்து அவர் யாருக்கும் போட்டதில்லை. கண்ணாடியை நான் வெட்டினேன். கண்ணாடி வெட்டுகிறவளுக்கு ஒன்று தெரியும்: கோடு ஒரே தடவைதான். யோசித்து நிறுத்தி மறுபடி இழுத்தால் உடைந்துவிடும். ஒரே இழுப்பாக இழுத்தேன். அவர் படத்தைச் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்துவிட்டு, "இப்போதைக்கு இங்க இருக்கட்டும்" என்றார்.

அந்த இப்போதைக்கு வருடக்கணக்காக நீண்டுவிட்டது. இதற்குள் என் முட்டி இரண்டும் போய்விட்டன. நாளெல்லாம் நின்று கண்ணாடி வெட்டியதற்குக் கிடைத்த பரிசு. மகள் முகத்தைப் பார்க்க நான் தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் உட்கார்ந்துவிட்டு, எழ முடியாமல், அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை கிடந்திருக்கிறேன். பெற்ற பிள்ளையை நின்றபடி நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அதற்கு ஓர் ஆணி போதும்.

"அவர் ஆணை. நான் எப்படி மீறுறது?" என்பார்.

"டாக்டர் ஆணைய தினம் மூணு வேளை மீறுறீங்க. மாத்திரை எல்லாம் அப்படியே இருக்கு. இது மட்டும் என்ன?"

சுத்தியலை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் மணி பார்க்க ஏறி, ஸ்டூலிலிருந்து சறுக்கி, அலமாரியைப் பிடித்துத் தப்பினேன். அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"சரி. யார் போட்ட ஆணையோ அவர்கிட்டயே கேக்கறேன். கூட்டிட்டுப் போங்க."

"செத்துப் போனவர்கிட்ட என்ன கேப்ப?"

"செத்துப் போனவர் பேச்சத்தானே இத்தன நாளா கேட்டுட்டிருக்கீங்க? நானும் ஒரு தடவ பேசிப் பாக்கறேன்."

ஒற்றைக் காலில் நின்றேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு அது லேசான காரியமில்லை. கடைசியில் அவர் இறங்கி வந்தார். "அவர் சரின்னு சொல்லிட்டார்னு எனக்குத் தெரியணும். உனக்குத் தெரிஞ்சாப் போதாது. எனக்குத் தெரிஞ்சா அடிக்கிறேன்" என்றார். அந்த வாக்கை அப்படியே பிடித்துக்கொண்டேன். புறப்படும்போது மகள் படத்தைத் துண்டில் சுற்றி, என் பையில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. எதற்கு எடுத்துப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மனு கொடுக்கப் போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ரயில், பிறகு பஸ், பிறகு படகு. பயணம் பாதி தூக்கமாகவும் பாதி வெயிலாகவும் நினைவிருக்கிறது. ஆற்றின் நடுவில் படகின் இன்ஜின் நின்றுவிட்டது. படகோட்டி அதைத் திட்டிக்கொண்டே குனிந்து என்னவோ செய்தார். படகு பாட்டுக்கு மெல்லச் சுற்றியது. வந்த கரையும் போகிற கரையும் வெயிலில் கரைந்து, எது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. என் கணவர் ஒரு கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டிருந்தார்.

"இதே வழியாத்தான் அவரையும் கொண்டு வந்திருப்பாங்க" என்றார்.

நான் அந்த ராஜாவோடு இத்தனை வருடம் மனதுக்குள் சண்டை போட்டவள். கொடுங்கோலர் என்றுகூடத் திட்டியிருக்கிறேன். அந்தப் படகில் முதல்முறையாக அவர் மேல் இரக்கம் வந்தது. கரை தெரியாத ஆற்றில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான மனிதர், அவ்வளவுதான். அப்புறம் இன்ஜின் இருமிக்கொண்டு கிளம்பியது, இரக்கத்தை அதற்கு மேல் வளர்க்க நேரமில்லை.

ஊர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தது. கடைகளுக்கெல்லாம் பாதிக் கதவு இறங்கியிருந்தது. ஒரு தெருவில் தராசு பழுது பார்க்கும் கடைக்கு வெளியே பெரிய தராசு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தட்டில் பூனை படுத்துத் தூங்கியது, மறுதட்டு காலியாக உயரத்தில் ஆடியது. முடிவெட்டும் கடையில் முடிவெட்டுகிறவரே தம் நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்திக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தார். என் கணவர் தொண்டையைச் செருமி, சுல்தான் கபர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"ராஜா கல்லறையா?" கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார். "நேரா போய் ஃபேன் கடையில கேளுங்க. அங்கதான் இருக்காரு."

இருக்காரு என்றுதான் சொன்னார். யாரோ மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பதுபோல.

ஃபேன் ரிப்பேர் கடை ஒரு பழைய வீட்டின் முன்னறையில் இருந்தது. கனத்த சுவர், உயரமான கூரை, ஒரே ஒரு பெரிய ஜன்னல். உள்ளே சரிசெய்து முடித்த டேபிள் ஃபேன்கள் வரிசை வரிசையாகத் தரையில் ஓடிக்கொண்டிருந்தன. சின்னது, பெரியது, துருப்பிடித்தது, ஒன்றுக்கு மூடியே இல்லை. எல்லாம் தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தன. நாங்கள் வாசலில் நின்றபோது மொத்த அரசவையும் எங்களைப் பார்த்துக் கிடையாது, கிடையாது என்று சொல்வதுபோல் இருந்தது. வந்த காரியம் விளங்கினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபேன்காரர் பனியனோடு கீழே உட்கார்ந்து ஒரு காயிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வயதிருக்கும். நிமிர்ந்து பார்த்து, "ரிப்பேரா, ராஜாவா?" என்றார்.

"ராஜா" என்றேன்.

"ஆராய்ச்சி ஏதாவதா?"

"இல்ல. இவர் அவரோட வாரிசு."

ஃபேன்காரர் அசரவில்லை. "வாங்க, வாங்க. வருசத்துக்கு ரெண்டு மூணு வாரிசு வருவாங்க. எல்லாரும் வந்து அழுதுட்டுப் போவாங்க. கரன்ட் பில்லுக்கு மட்டும் இன்னும் ஒரு வாரிசும் வரல" என்று சிரித்தார். "பின்னாடி போங்க. கதவு சும்மா சாத்தியிருக்கும், தள்ளினாத் தொறக்கும்."

கொல்லையை ஒட்டி ஒரு சின்ன அறை. நடுவில் சுண்ணாம்பு பூசிய தாழ்ந்த கபர். மேலே போர்த்தியிருந்த பச்சைத் துணி வெளுத்து வெளுத்து ஆற்றுத் தண்ணீரின் நிறத்துக்கு வந்திருந்தது. தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் டேபிள் ஃபேன் ஒன்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னாலேயே தண்ணீர்க் குவளையோடு வந்த ஃபேன்காரர், "நம்ம உபயம். இந்த ஊர் புழுக்கம் அவருக்குப் பழக்கமில்லேல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சுவரோரத் திண்டில் உட்கார்ந்தேன். அவர் வரவில்லை. வாசலிலேயே செருப்போடு நின்றார். அதே நிற்பு. மலையூரில் மகளுடைய மேட்டுக்குப் பத்தடி தள்ளி நின்ற அதே நிற்பு. வெகுநேரம் கழித்துச் செருப்பைக் கழற்றினார். மெல்ல வந்து கால்மாட்டில் உட்கார்ந்து, கையேந்தி ஓத ஆரம்பித்தார்.

அவர் ஓதும் குரல் தாழ்வாக, ஒரே சீராக வந்தது. ஃபேன் காற்று என் பக்கம் வந்து போனது, வந்து போனது. எங்கோ புறா ஒன்று குமுறியது. இன்னும் படகில் இருப்பதுபோல் தரை லேசாக ஆடியது. மனுவை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆலம்பனா என்பதா, ஐயா என்பதா, மாமா முறை வருமா, பாட்டனார் முறை வருமா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வயதானவர் அறையின் சுவரைக் கையால் தடவிக்கொண்டு நடந்து வந்தார்.

நீளமான அங்கி, வெறுங்கால். ஒரு கையில் தொப்பி. மறுகையால் சுவரில் எதையோ தேடினார்.

"என்ன தேடறீங்க?" என்று கேட்டேன்.

"தொப்பிய மாட்டணும்மா. எங்க மாட்டறதுன்னு தெரியல."

என்ன மொழியில் பேசுவாரோ என்று பயந்திருந்தேன். என் மாமனார் குரலில், வீட்டில் பேசுகிற பேச்சாகவே பேசினார். எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்துவிட்டது.

"நீங்கதானே ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

அவர் நின்றார். யோசித்தார். மறந்துபோன வேடிக்கை ஒன்று நினைவுக்கு வந்தவர்போலச் சிரித்தார். "ஆமா. அப்பச் சொன்னேன்" என்றார்.

"எங்க வீட்ல இப்பவும் அதுதான்."

"இப்பவுமா?" அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். என் மடியைப் பார்த்து, "கையில என்னது?" என்றார். குனிந்து பார்த்தேன், துண்டு சுற்றிய படம் என் மடியில் இருந்தது.

"எம் பொண்ணு."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். கொடுத்தேன். பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் முழங்கையை மடித்து வாங்கிக்கொண்டு, எடை பார்ப்பதுபோல் மெல்ல அசைத்தார். "நல்ல கனமா இருக்காளே" என்றார். "இவளையா தரையில விட்டிருக்கீங்க?"

அழுகை முட்டிக்கொண்டு வந்து விழித்துக்கொண்டேன். கழுத்து பிடித்திருந்தது. மடியில் ஒன்றும் இல்லை, பை காலடியில் கட்டினபடியே இருந்தது. என் கணவர் ஓதி முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வெயில் தரையில் இடம் மாறியிருந்தது.

"சரின்னுட்டார்" என்றேன்.

"யாரு?"

"உங்க பாட்டனார். இப்பத்தான் வந்து பேசிட்டுப் போனார்."

"தூங்கிட்ட. குறட்டை விட்ட."

"குறட்டைக்கு நடுவுலதான் பேசினோம்."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் வரலியே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாக ஏங்கிப்போய்ச் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சொல்ல வந்தவள், அவர் முகத்தைப் பார்த்து நாக்கை மடக்கிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் உடைந்துவிட்டேன். இவ்வளவு தூரம் வந்தும் நான் தரையில்தான் உட்கார வேண்டும். இனி இவரை எந்த ராஜா வந்து அசைப்பார்?

வெயில் தாழட்டும் என்று ஃபேன்காரர் கடையில் எங்களை உட்கார வைத்தார். எனக்கு ஒரு நாற்காலி, ஓடுகிற ஃபேன்களில் இரண்டை என் பக்கம் திருப்பிவிட்டார். என் கணவர் உட்காரவில்லை. தொழில்காரருக்குக் கண் சும்மா இருக்காது. எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரைத்தான் பார்ப்பார். சுவர் முழுக்க ஃபேன் இறக்கைகளும் கம்பிச் சுருள்களும் தொங்கின. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஃபேன்காரரின் சட்டை தொங்கியது. அதையெல்லாம் விலக்கி விலக்கி அவர் எதையோ பார்த்துக்கொண்டே போனார். பிறகு ஓர் இடத்தில் நின்று, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த ஆணியெல்லாம் யார் அடிச்சது?"

"நான் அடிக்கலங்க. இந்தச் சுவர்ல இப்ப ஆணி இறங்காது. எல்லாம் அப்பவே அடிச்சது."

"யாரோ தொழில் தெரியாத ஆளு அடிச்சிருக்காங்க" என்றார் என் கணவர், இன்னும் விரலை எடுக்காமல். "பாருங்க, ஒண்ணுகூட நேரா இல்ல. தலையெல்லாம் ஒரு பக்கமா நசுங்கியிருக்கு. சுத்தியும் சுவர்ல எத்தன அடி விழுந்திருக்கு பாருங்க. வேலையாள் அடிச்ச ஆணி இப்படி இருக்காது. சுத்தியலையே அதுக்கு முன்னாடி பிடிச்சிருக்க மாட்டாங்க."

"சரியாச் சொன்னீங்க" என்றார் ஃபேன்காரர். "ராஜா அடிச்சது."

என் கணவரின் விரல் அந்த ஆணி மேலேயே நின்றுவிட்டது.

ஃபேன்காரர் காயிலைக் கீழே வைத்தார். "இது அவர் படுத்திருந்த ரூம். எங்க பூட்டனார்தான் அவருக்குக் காவல். சண்டை, கோட்டை, குதிரைக் கதையெல்லாம் உங்க வீட்ல இருக்கும். எங்க வீட்ல இருக்கறது இந்த ஆணிக் கதை ஒண்ணுதான். வந்த புதுசுல ஒண்ணையும் பெட்டியிலேர்ந்து வெளிய எடுக்க மாட்டாராம். பசங்க எல்லாம் ஒவ்வொருத்தராப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் கழிச்சு, ஒரு நாள் காலையில எங்க பூட்டனார்கிட்ட வந்து, ஒரு சுத்தியல் கிடைக்குமான்னு கேட்டாராம். இவர் பயந்துட்டாராம், தப்பிக்கப் பாக்கறாரோன்னு."

"அப்புறம்?" என்றேன் நான்.

"அப்புறமென்ன. அடிக்கிறாரு அடிக்கிறாரு, ஆணி வளையுது. கட்டைவிரல் நசுங்கி நீலமாப் போச்சாம். நான் அடிச்சுத் தரேன், கொடுங்கன்னு எங்க பூட்டனார் கேட்டா, கொடுக்கலியாம். இது நான்தான் அடிக்கணும்னாராம். சாயங்காலத்துக்குள்ள இத்தனையும் அடிச்சு, பெட்டியில இருந்ததெல்லாம் எடுத்து மாட்டினாராம். அன்னிக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்கினாருன்னு சொல்வாங்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். எனக்கு அப்போது எல்லாம் விளங்கியது. பிள்ளைகள் ஆரம்பத்திலேயே போய்விட்டார்கள். போகும்போது எதைக் கேட்டார்களோ அதைக் கொண்டுபோனார்கள். அந்தச் சொல்லை ஊர் ஊராக, வீடு வீடாகச் சுமந்து, அதற்குக் குனிந்து, அதற்காகக் கடிகாரத்தைப் படுக்கப் போட்டுக் காப்பாற்றினோம். சொன்னவர் இங்கே தனியாக, நசுங்கிய விரலோடு, அதை என்றைக்கோ மாற்றிவிட்டார். எங்களுக்குச் சொல்ல அவர் பக்கத்தில் ஆளில்லை.

"தங்கிட்டாரா?" என்றார் என் கணவர். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"தங்கிட்டாரு" என்றார் ஃபேன்காரர் சாதாரணமாக.

நான் எழுந்தேன். முட்டி நறநறவென்றது. பையைத் திறந்து, துண்டைப் பிரித்து, படத்தை எடுத்தேன். ஃபேன்காரர் ஒரு கணம் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எட்டி, ஜன்னலோர ஆணியிலிருந்து தம் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இதுல மாட்டுங்க. இது நல்லாத் தாங்கும்" என்றார்.

மாட்டினேன். ஆணி வளைந்திருந்ததால் படம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. வாலு யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், எங்கள் கண்ணுக்கு நேராக. இத்தனை வருடத்தில் முதல்முறை.

என் கணவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"நான் அவ மொகத்தப் பாக்கலியே. ஒரு பிடி மண்ணு போடலியே. சுவர்ல மாட்டிட்டா... அவ வரமாட்டான்னு ஆயிடுமே."

இதுதான். ஒரு ராஜாவின் முதுகுக்குப் பின்னால் இத்தனை நாளாக ஒளிந்துகொண்டிருந்தது இதுதான். நான் அறியாதவள் இல்லை. அறிந்தும் ஆணியைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்தது. கண்ணாடி வெட்டும் கட்டரைக் கையில் எடுத்தால் எப்படி நிற்பேனோ அப்படி நின்றேன். கோடு ஒரே தடவைதான்.

"அவ இனிமே வரமாட்டா" என்றேன்.

அவர் அழுதார். சத்தம் போட்டு, சின்னப்பிள்ளையைப்போல, மூக்கை ஒழுகவிட்டு அழுதார். மலையூரில் அழாததும் சேர்ந்து வந்தது. நான் அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஃபேன்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு ஃபேனாக நிறுத்திக்கொண்டே போனார். தலையசைப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி ஃபேனும் நின்றபோது பின்னறையில் ராஜாவின் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கிளம்புவதற்கு முன் என் கணவர் மறுபடி கொல்லைக்குப் போனார். கிணற்றடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கபரின் ஓரத்தில் மெல்லப் போட்டார். கையைத் தட்டிவிடாமல் அப்படியே நின்றார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, பல்கூடத் தேய்க்காமல் சுத்தியலை எடுத்தார். நான் படத்தைத் துடைத்துக் கொடுத்தேன்.

"எவ்வளவு உயரம்?" என்றார்.

"அதையும் நானா சொல்லணும்? நீங்கதானே தொழில்காரர்."

மற்ற வீடுகளில் அவர் டேப் வைத்து அளப்பார். அன்றைக்கு டேப்பைத் தொடவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நின்றார். கையைத் தட்டையாக வைத்து, தம் தோளுக்கு மேலே, காது மடலுக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்தில் யாரோ நிற்பதுபோலவும் அந்தத் தலையில் கை வைத்திருப்பதுபோலவும் இருந்தது.

"இவ்வளவுதான் வருவா" என்றார்.

அந்தக் கையடியில் நான் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். முதல் ஆணி வளைந்துவிட்டது. ஊர்ச் சுவர் எதிலும் ஓர் ஆணியை வளைத்தறியாதவர். இரண்டாவதும் வளைந்தது. நான் அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன், அது இறங்கியது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன இளவரசரே, தங்கறதா முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டார். இவர் வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டே தலையாட்டினார்.

கடிகாரம் இன்னும் மல்லாந்துதான் கிடக்கிறது. அதற்கு யாருக்கும் அவசரமில்லை. அவர் கடைக்குப் போன பிறகு வீடு நிசப்தமாக இருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் முன்னால் போய் நின்றேன். அவள் உயரத்துக்கே இருந்தாள். நெற்றியில் ஒரு முடி ஒதுங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வெகுநேரம் நின்றிருப்பேன். முட்டி வலித்தது. நான் உட்காரவில்லை.